கொள்முதல் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள்: நிறுவன மனித உரிமைத் துறைக்கு வர நினைக்கும் வழக்கறிஞர்களுக்கு

"கம்பெனிச் சட்டம் தெரியும், மனித உரிமையிலும் ஆர்வம் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா?" சட்டம் படித்து முடித்தவர்களும் கேட்கிறார்கள், ஐந்தாறு வருடம் ஒப்பந்தங்களிலேயே கழித்துச் சலித்துப் போனவர்களும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தொழிலால் அதன் சொந்த ஆலையிலும், அதற்குச் சரக்குக் கொடுப்பவர்களின் ஆலை, சுரங்கம், தோட்டத்திலும் மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்று கண்டுபிடிப்பது, கெடுதல் நடந்தால் நிறுத்த வைப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் கிடைக்க வழி செய்வது. வேலை இவ்வளவுதான். செய்வதுதான் கடினம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் கொள்கை அறிக்கை எழுத ஆள் நிறைய உண்டு. கொள்முதல் ஒப்பந்தத்தைத் திருத்தத் தெரிந்தவர்கள் குறைவு. வழக்கறிஞருக்கான இடம் அங்கேதான் என்பது என் கருத்து, கட்டுரை முழுக்க அந்தச் சாய்வோடுதான் போகும்.

முதல் படி: தர்மகாரியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

நிறுவனம் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பது, மரம் நடுவது, மருத்துவ முகாம் நடத்துவது எல்லாம் சமூகப் பொறுப்புச் செலவு. நல்ல காரியங்கள்தான். ஆனால் லாபத்தைச் சம்பாதித்த பிறகு அதில் கொஞ்சம் எடுத்துச் செய்வது அது. நாம் பேசுவது அந்த லாபம் எப்படி வந்தது என்பதைப் பற்றி. ஓரிடத்தில் பள்ளி கட்டியதைக் காட்டி இன்னோரிடத்தில் கொத்தடிமை வேலை நடந்ததை ஈடுகட்ட முடியாது. வேலை விளம்பரம் ஒன்றைப் பார்க்கும்போது இந்த இரண்டில் எது என்று முதலில் பாருங்கள். தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது, வேலை விவரத்தில் சப்ளையர், குறைதீர்ப்பு, டியூ டிலிஜென்ஸ் (கெடுதல் எங்கே நடக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்துத் தடுக்கும் தொடர் வேலை) போன்ற சொற்கள் வருகின்றனவா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: அடிப்படை ஆவணங்களை வரிசையாகப் படியுங்கள்

இந்தத் துறையின் மூல ஆவணம் ஐ.நா.வின் தொழில் மற்றும் மனித உரிமைகள் குறித்த வழிகாட்டு நெறிகள். 2011 ஜூன் மாதம் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. மொத்தம் 31 நெறிகள், விளக்கவுரையோடு சேர்த்து ஒரே நாளில் படித்துவிடலாம். அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்ற மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. இதை உருவாக்கிய ஜான் ரகி வழக்கறிஞர் அல்ல, அரசியல் அறிவியல் பேராசிரியர். நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் உறுத்தலாம். ஆனால் இதற்கு முன் சட்டப் பாணியில் எழுதப்பட்ட ஐ.நா. வரைவு ஒன்று நிறுவனங்களிடமும் அரசுகளிடமும் எடுபடாமல் நின்றுபோனது. அதற்குப் பின் பல வருடம் எல்லாத் தரப்பிடமும் பேசிப் பேசி ரகி கொண்டுவந்தது நிலைத்தது.

நேரம் குறைவென்றால் 13, 17 முதல் 22 வரை, 31 ஆகிய நெறிகளை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். நிறுவனம் ஒரு கெடுதலைத் தானே செய்கிறதா, அதற்குப் பங்களிக்கிறதா, தன் வணிக உறவின் வழியாக அதோடு தொடர்பு மட்டும் கொண்டிருக்கிறதா என்ற மூன்று நிலைகள் இவற்றில் வருகின்றன. நாளைக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஆலோசனைக் குறிப்பிலும் இந்தக் கேள்வி எழும். முதல் இரண்டு நிலையிலும் பரிகாரத்தில் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மூன்றாவதில் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி மாற்றம் கொண்டுவர வேண்டும். எந்த நிலை என்று தீர்மானிப்பதில்தான் சண்டையே நடக்கும். இன்று மூன்றாவது நிலையில் இருக்கும் நிறுவனம் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தால் நாளை இரண்டாவதுக்கு நகர்ந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து ஓ.இ.சி.டி., அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, 2018-இல் வெளியிட்ட டியூ டிலிஜென்ஸ் வழிகாட்டி. நடைமுறைக்கு இதைவிட உதவியான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின், அதாவது ஐ.எல்.ஓ.வின், 1998 பிரகடனம். சங்கம் சேரும் உரிமை, கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, பாகுபாடு ஒழிப்பு என்று நான்காக இருந்த அடிப்படை உரிமைகளில் 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணியிடமும் சேர்ந்தது. கட்டாய உழைப்பை அடையாளம் காண ஐ.எல்.ஓ. கொடுத்திருக்கும் 11 அறிகுறிகளை மனப்பாடமாகவே வைத்திருங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் மாட்டிவைப்பது எல்லாம் அதில் அடங்கும்.

நாடுகளின் சட்டங்கள் கடைசியில். பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களை வருடாவருடம் அறிக்கை வெளியிடச் சொல்கிறது, அவ்வளவுதான். பிரான்ஸின் 2017 விழிப்புக் கடமைச் சட்டம் பெரிய நிறுவனங்கள் ஆபத்துகளை வரைபடமாக்கி, தடுப்புத் திட்டம் போட்டு நடத்தச் சொல்கிறது. நடத்தாவிட்டால் நீதிமன்றம் போகலாம். 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அஞ்சல் நிறுவனமான லா போஸ்டின் ஆபத்து வரைபடம் மிகப் பொதுவாக இருக்கிறது, திருத்துங்கள் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உய்குர் மக்கள் வாழும் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் தயாரான பொருள் என்றாலே கட்டாய உழைப்பில் உருவானது என்று அனுமானித்து, இல்லையென்று நிரூபிக்கும் பாரத்தை இறக்குமதியாளர் தலையில் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டியூ டிலிஜென்ஸ் உத்தரவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடமே காலக்கெடுவைத் தள்ளிவைத்து வரம்பைச் சுருக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஒரே ஒரு சட்டத்தை நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். சட்டங்கள் வரும், சுருங்கும், திரும்ப விரியும். 2011 நெறிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் எந்தச் சட்டம் வந்தாலும் இரண்டு வாரத்தில் தயாராகிவிடுவார்.

மூன்றாம் படி: கேள்வியைத் திருப்பிப் போடப் பழகுங்கள்

வழக்கறிஞருக்கு இதுதான் கஷ்டமான படி. "இதனால் என் கட்சிக்காரருக்கு என்ன ஆபத்து?" என்று கேட்டே பழகியவர்கள் நாம். இங்கே முதல் கேள்வி, "இதனால் அந்த மனிதருக்கு என்ன ஆபத்து?" கட்சிக்காரருக்கு வரும் ஆபத்து இரண்டாவது கேள்வி.

எதை முதலில் கவனிப்பது என்று தீர்மானிக்க மூன்று அளவுகோல்கள் உண்டு: கெடுதல் எவ்வளவு கொடியது, எத்தனை பேரைப் பாதிக்கிறது, நடந்துவிட்டால் சரிசெய்ய முடியுமா. பணம் எவ்வளவு போகும், பத்திரிகையில் பெயர் கெடுமா என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. உள் தணிக்கைக் குழுவோடு முதல் கூட்டத்தில் உட்காரும்போது இது வெடிக்கும். அவர்களுடைய ஆபத்துப் பட்டியலில் விற்பனையில் பெரும்பங்கு தரும் சப்ளையர் முதலிடத்தில் இருப்பார். உங்கள் பட்டியலில் மொத்தக் கொள்முதலில் துளியூண்டு இடம் பிடிக்கும் துப்புரவு ஒப்பந்ததாரர் முதலிடத்தில் இருப்பார், அவரிடம் வேலை செய்பவர்கள் கடன்பட்டு வந்த புலம்பெயர்ந்தவர்கள் என்பதால். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏன் வேறுபடுகின்றன என்று உங்களால் இரண்டு நிமிடத்தில் விளக்க முடிய வேண்டும்.

நான்காம் படி: ஒரு நிறுவனத்தை எடுத்து நீங்களே ஆராயுங்கள்

படித்தால் மட்டும் போதாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா இரண்டு அரசுகளும் நவீன அடிமைமுறை அறிக்கைகளை இணையத்தில் பதிவேடாக வைத்திருக்கின்றன. கட்டணம் கிடையாது. உங்களுக்குக் கொஞ்சம் பரிச்சயமான ஒரு துறையில் ஒரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கையுறை வாங்கி விற்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கையுறை எந்த நாட்டில் செய்யப்படுகிறது? ஆலையில் யார் வேலை செய்கிறார்கள்? அந்த நாட்டுக்காரர்களா, ஏஜென்ட் மூலம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களா? ஏஜென்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? தொழிலாளியே கடன் வாங்கிக் கொடுத்திருந்தால், அந்தக் கடன் தீரும்வரை அவரால் வேலையை விட முடியாது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? தங்குமிடம் யாருடையது? ஓவர்டைம் வேண்டாமென்று சொல்ல முடியுமா? இனி அறிக்கையைத் திரும்ப எடுத்து, இந்தக் கேள்விகளில் எத்தனைக்கு அது பதில் சொல்கிறது என்று பாருங்கள். "கட்டாய உழைப்பை நாங்கள் ஒருபோதும் சகிப்பதில்லை" என்ற வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். ஆட்சேர்ப்புக் கட்டணம் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் சோதனை.

இந்த உதாரணம் கற்பனையாக எடுத்ததல்ல. மலேசியாவின் டாப் குளோவ் உலகின் மிகப் பெரிய கையுறைத் தயாரிப்பாளர்களில் ஒன்று. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை, கட்டாய உழைப்புச் சந்தேகத்தின் பேரில் எல்லையிலேயே நிறுத்திவைத்தது. பெருந்தொற்றுக் காலம், கையுறைக்கு உலகமே அடித்துக்கொண்ட நேரம் அது. நிறுவனம் தொழிலாளர்களுக்கு 3 கோடி டாலருக்கும் மேல் ஈட்டுத்தொகை கொடுத்து, நிலைமைகளைச் சீர்செய்த பிறகு, 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. தொழிலாளியின் கடன் என்பது எங்கோ ஓர் ஏஜென்டின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் சின்ன விஷயம் போலத் தெரியும். அதுதான் கப்பலை நிறுத்தியது.

ஆராய்ந்ததை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள்: மிகக் கடுமையான மூன்று ஆபத்துகள், அறிக்கை சொல்வது, சொல்லாதது, நிறுவனம் அடுத்து செய்ய வேண்டிய இரண்டே காரியங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்ப் படிப்புகளைவிட இந்த இரண்டு பக்கம் அதிகம் பேசும். விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தில் கை வையுங்கள்

இப்போது இருக்கும் வேலையிலேயே இதைத் தொடங்கலாம். கொள்முதல், கூட்டு முயற்சி, நிறுவனக் கையகப்படுத்தல், கட்டுமானம், கடன் ஒப்பந்தம் என்று எதில் இருந்தாலும் சரி.

வழக்கமான ஷரத்து இப்படி இருக்கும்: "சப்ளையர் தன் தொழிலிலும் தன் விநியோகச் சங்கிலியிலும் கட்டாய உழைப்போ குழந்தைத் தொழிலாளரோ இல்லை என்று உறுதியளிக்கிறார். மீறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தை உடனே முறிக்கலாம்." பார்க்கக் கறாராக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? சங்கிலியின் கடைசிவரை எதுவுமே நடக்கவில்லை என்று யாராலும் நேர்மையாக உறுதியளிக்க முடியாது. ஆகவே எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரச்சினையைக் கண்டுபிடித்தாலும் சப்ளையர் வாய் திறக்க மாட்டார், திறந்தால் ஒப்பந்தம் போய்விடும். வெளியே தெரிந்துவிட்டால் வாங்குபவர் முறித்துக்கொண்டு நடையைக் கட்டுவார், யாரைக் காப்பாற்ற ஷரத்து எழுதப்பட்டதோ அவர்கள் வேலையும் இல்லாமல் சம்பள பாக்கியும் வராமல் நிற்பார்கள். வழக்கறிஞர் தன் கட்சிக்காரரைக் காப்பாற்றிவிட்டார், வேறு எதையும் செய்யவில்லை.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் பணிக்குழு ஒன்று 2021-இல் வெளியிட்ட மாதிரி ஷரத்துகளின் இரண்டாம் பதிப்பு இந்த அணுகுமுறையைத் தலைகீழாக்கியது. "எதுவும் நடக்கவில்லை" என்ற உறுதிமொழிக்குப் பதிலாக "நடக்கிறதா என்று தொடர்ந்து தேடுவோம், கண்டால் சொல்வோம், சேர்ந்து சரிசெய்வோம்" என்ற கடமை. அதுவும் இரு தரப்புக்கும். வாங்குபவரும் கடமைப்படுகிறார் என்பதுதான் இதில் முக்கியம். ஏனென்றால் ஆலையில் இரவு பகலாக ஓவர்டைம் நடப்பதற்கு ஆலை முதலாளி மட்டும் காரணம் இல்லை. கடைசி நேரத்தில் ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டு டெலிவரி தேதியை மாற்றாதவரும் காரணம்.

நீங்கள் எழுதிப் பார்க்க ஒரு தொடக்கம்: "வாங்குபவர் ஆர்டரின் அளவையோ வடிவமைப்பையோ மாற்றினால், சட்டப்படியான வேலை நேரத்துக்குள் முடிக்கத் தேவையான அளவுக்கு டெலிவரி தேதி நீளும், கூடுதல் செலவை வாங்குபவர் ஏற்பார்." இதை ஒரு கொள்முதல் மேலாளர் முன் வைத்துப் பாருங்கள். அங்கே கிடைக்கும் எதிர்ப்பிலிருந்து கற்றுக்கொள்வதை எந்தக் கருத்தரங்கிலும் கற்றுக்கொள்ள முடியாது.

இதோடு இன்னும் சில விஷயங்களை ஒப்பந்தத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் சேர்க்கப் பாருங்கள். பிரச்சினையைத் தானாக முன்வந்து சொல்லும் சப்ளையருக்குத் தண்டனை கிடையாது, திருத்த அவகாசம் உண்டு என்ற உறுதி. ஆட்சேர்ப்புக் கட்டணம் தொழிலாளி தலையில் விழாது, விழுந்திருந்தால் திருப்பித் தரப்படும் என்பது, யார் செலவில் என்பதும் சேர்த்து. மீறல் நடந்தால் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம், முறிப்பது கடைசி வழி என்ற வரிசை. உறவை முடிக்கத்தான் வேண்டுமென்றால் நோட்டீஸ் காலம், முடிந்த வேலைக்கான பணம், தொழிலாளர் பாக்கிகள். ஒரே பேரத்தில் எல்லாம் கிடைக்காது. முதல் வருடம் ஒன்று கிடைத்தால் நல்ல தொடக்கம்.

ஆறாம் படி: தணிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஆடிட் முடிந்துவிட்டது, சான்றிதழ் இருக்கிறது" என்று உங்கள் மேசைக்கு வரும் கோப்புகள் ஏராளமாக இருக்கும். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குப் புகழ்பெற்ற சமூகத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளில் சில சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. தணிக்கை செய்தவர்கள் சம்பளப் பதிவேட்டைப் பார்த்தார்கள், கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது அவர்கள் பட்டியலில் இல்லை.

தணிக்கையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அறிக்கையைக் கையில் எடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பணம் கொடுத்தது யார்? முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்களா? தொழிலாளர்களிடம் எங்கே வைத்துப் பேசினார்கள், மேலாளர் அறைக்குள்ளா, வெளியிலா? அவர்கள் மொழியிலா? எதைப் பார்க்கவில்லை என்று அறிக்கை சொல்கிறதா? குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவருக்கு இது இயல்பாகவே வரும்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட, வங்கதேச ஆலைகளின் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான அக்கார்டு ஒப்பந்தத்தைக் கட்டாயம் படியுங்கள். சுதந்திரமான பொறியாளர் ஆய்வு, ஆய்வு முடிவுகள் பகிரங்கம், தகராறு வந்தால் பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு. தன்னார்வ வாக்குறுதிக்கும் ஒப்பந்தக் கடமைக்கும் உள்ள தூரம் அதைப் படித்தால் புரியும்.

ஏழாம் படி: குறைதீர்ப்பு

நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு ஒரு வருடத்தில் ஒரு அழைப்பும் வரவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த எண் யாருக்கும் தெரியாது, அல்லது ஆங்கிலத்தில் மட்டும் பேசும், அல்லது கூப்பிட்டவர் வேலை போன கதை எல்லோருக்கும் தெரியும். 31-ஆம் நெறி எட்டு அளவுகோல்களைத் தருகிறது, அவற்றை வைத்து அளந்து பாருங்கள்.

பாப்புவா நியூ கினியின் போர்கெரா தங்கச் சுரங்க விவகாரம் இதில் நல்ல பாடம். பாதுகாவலர்களால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காகச் சுரங்க நிறுவனமான பேரிக் ஒரு பரிகாரத் திட்டம் கொண்டுவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதன்மூலம் ஈடு பெற்றார்கள். ஆனால் ஈடு பெற்றவர் பின்னால் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது, அதை ஒட்டிப் பெரிய சர்ச்சை எழுந்தது. ஒரு சமரசப் பத்திரத்தில் இப்படி ஒரு ஷரத்தைப் போடுவது நமக்கெல்லாம் கைப்பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத, தனக்கென்று வக்கீல் இல்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும்.

எட்டாம் படி: வேலை எங்கே இருக்கிறது

பெரிய நிறுவனங்களின் சட்டத்துறை, கம்ப்ளையன்ஸ் (நிறுவனம் சட்ட விதிகளைப் பின்பற்றுகிறதா என்று கவனிக்கும் துறை), கொள்முதல் துறை. சட்ட நிறுவனங்களில் இதற்கென்று தனிக் குழு இருக்கும், பெரும்பாலும் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) என்ற பெயரில். ஆலோசனை நிறுவனங்கள், முதலீட்டு நிதிகள், வளர்ச்சி வங்கிகள். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்குக் கடன் தரும் பிரிவான ஐ.எஃப்.சி. கடன் வாங்குபவருக்கு விதிக்கும் செயல்பாட்டுத் தரங்கள் தெரிந்தவருக்கு நிதித்துறையில் மதிப்பு உண்டு. எதிர்ப்பக்கம் தொண்டு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடும் அலுவலகங்கள். அப்புறம் அரசுப்பக்கம்: பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிகளை ஏற்ற ஒவ்வொரு நாட்டிலும் புகார்களைக் கையாள ஒரு தேசியத் தொடர்பு மையம் உண்டு.

எது சிறந்தது என்று கேட்டால், முதலில் வழக்காடும் பக்கத்திலோ தொழிற்சங்கப் பக்கத்திலோ கொஞ்ச காலம் இருந்துவிட்டு நிறுவனத்துக்குள் போவது நல்லது என்பேன். பாதிக்கப்பட்டவர் பேசும் விதம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு எந்தப் பவர்பாயிண்டும் அதை மறைக்காது. ஆனால் வருமானம் குறைவு, எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது. அப்படியென்றால் இருக்கும் சட்ட வேலையிலேயே கொள்முதல், தொழிலாளர் சட்டம் பக்கம் நகருங்கள். பெருநிறுவனங்களில் "மனித உரிமை வழக்கறிஞர்" என்ற பதவி அரிது. கம்ப்ளையன்ஸ் வழக்கறிஞராக உள்ளே போய், யாரும் தொட விரும்பாத சப்ளையர் கோப்பைத் தானாகக் கேட்டு வாங்கி, அப்படியே பதவியை உருவாக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஒன்பதாம் படி: நேர்காணல்

ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் வரும் கேள்வி: "சப்ளையர் ஆலையில் குழந்தைத் தொழிலாளர் இருப்பது தெரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" "உடனே ஒப்பந்தத்தை முறிப்பேன்" என்றால் நேர்காணல் அங்கேயே முடிந்தது.

ஏன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. குழந்தைகள் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹார்கின் மசோதா கொண்டுவரப்பட்டது. சட்டமாகவே ஆகவில்லை. ஆனாலும் பயந்துபோன வங்கதேச ஆடை ஆலைகள் குழந்தைகளை மொத்தமாக வெளியே அனுப்பின. யுனிசெஃப் தன் 1997 அறிக்கையில் அந்த எண்ணிக்கையைச் சுமார் 50,000 என்று மதிப்பிட்டது. அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1995-இல் ஆலை உரிமையாளர்கள் சங்கமும் யுனிசெஃபும் ஐ.எல்.ஓ.வும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன.

ஆகவே பதில் இந்தத் திசையில் போக வேண்டும்: குழந்தையை ஆபத்தான வேலையிலிருந்து உடனே விலக்குவது, வெளியே தள்ளாமல் பாதுகாப்பான இடத்தில் வைப்பது, வயதைச் சரிபார்ப்பது, குடும்ப வருமானம் நின்றுபோகாமல் உதவித்தொகையோ வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அந்த வேலையோ கொடுப்பது, பள்ளி, உள்ளூர் குழந்தைகள் அமைப்பு. அதன் பிறகுதான் சப்ளையரோடு கணக்குத் தீர்ப்பது. அப்படியே நிறுவனத்தின் விலை நிர்ணயம் இதில் என்ன பங்கு வகித்தது என்றும் கேட்பேன் என்று முடித்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பத்தாம் படி: உள்ளே போன முதல் மாதங்கள்

புதிதாகக் கொள்கை எழுத உட்காராதீர்கள். ஒன்று ஏற்கெனவே இருக்கும். கொள்முதல் துறையில் ஒரு நண்பரைப் பிடியுங்கள், அவருடைய போனஸ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். விலையும் டெலிவரி நேரமும் மட்டும்தான் என்றால், உங்கள் ஷரத்து ஏன் மதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பிறகு ஒரே ஒரு சரக்கு, ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு கடைசிவரை போங்கள். ஐம்பது நாட்டுச் சப்ளையர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பும் யோசனை யாருக்காவது வரும். பதில்கள் எல்லாம் "ஆம்" என்றே வரும், படிக்க நேரமும் இருக்காது.

ஆலைக்குப் போக வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஆனால் தொழிலாளர்களிடம் பேசுவது வாக்குமூலம் வாங்குவது போன்றதல்ல. பேசியவருக்குப் பின்னால் என்ன நேரும் என்று யோசிக்காமல் பேச வைக்கக் கூடாது. உள்ளூர் தொழிற்சங்கமோ அமைப்போ இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

பதினோராம் படி: எழுதுவதிலும் பேசுவதிலும் கவனம்

நிறுவனம் வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையும் சாட்சியம் ஆகலாம். ஜாம்பியாவின் செப்புச் சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்த கிராமத்தினர் அந்தச் சுரங்கத்தை நடத்திய துணை நிறுவனத்தின் தாய் நிறுவனமான வேதாந்தா மீது தொடுத்த வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019-இல் அதைப் பிரிட்டனிலேயே நடத்தலாம் என்றது. துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தரத்தைத் தாங்களே மேற்பார்வை செய்வதாகத் தாய் நிறுவனம் வெளியிட்டிருந்த ஆவணங்களையும் நீதிமன்றம் கருத்தில் எடுத்துக்கொண்டது. "அப்படியென்றால் எதுவுமே வெளியிட வேண்டாம்" என்று உங்கள் சக வழக்கறிஞர்கள் சொல்வார்கள். செய்வதைச் சொல்லுங்கள், செய்யாததைச் சொல்லாதீர்கள் என்பதே என் பதில்.

எந்தக் குறிப்பு வழக்கறிஞர் இரகசியப் பாதுகாப்புக்குள் வரும் என்பதை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். நிறுவனத்துக்குள் சம்பளம் வாங்கும் வழக்கறிஞரின் ஆலோசனைக்கு அந்தப் பாதுகாப்பே தராத நாடுகள் உண்டு. களத்தில் கண்ட உண்மைகளை ஓர் ஆவணத்திலும் சட்ட ஆலோசனையை இன்னொன்றிலும் வையுங்கள். எல்லாவற்றையும் இரகசியம் என்று முத்திரை குத்திவிட்டால், யாருக்காக மதிப்பீடு செய்தீர்களோ அவர்களிடமே முடிவுகளைச் சொல்ல முடியாமல் போகும்.

சொன்னது கேட்கப்படாமல் போகும் நாளும் வரும். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் எழுத்தில் சொல்லுங்கள், மேலாளரோடு நிற்காமல் இயக்குநர் குழுவரை கொண்டுபோகும் வழி உங்கள் வேலை ஒப்பந்தத்திலும் வழக்கறிஞர் ஒழுங்கு விதிகளிலும் இருக்கிறதா என்று சேரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கொடிய தீங்கைத் தடுக்க இரகசியத்தை மீற விதிவிலக்கு உண்டு, சில இடங்களில் கிடையாது. வேலையை விட்டு வெளியே வந்தாலும் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை கூடவே வரும். அதனால் சொல்ல வேண்டியதை உள்ளே இருக்கும்போதே, தேதியிட்டு, சரியான ஆளிடம் சொல்லிவிடுங்கள்.